கூடாரத்துக்கு எத்தனை பேர்

பிறருடைய விடுமுறையை மூட்டை கட்டிக் கொடுப்பதில் எனக்குப் பன்னிரண்டு வருட அனுபவம் உண்டு. இத்தாலியின் பலேர்மோ நகரில் நான் மணிக்கணக்குக்கு வேலை செய்யும் இரண்டு வீடுகளிலும் ஓகஸ்ட் பிறந்தால் வீட்டுக்காரப் பெண்களான சின்யோராமார் கடலுக்குப் புறப்படுவார்கள். எந்தப் பைக்குள் துவாய், எதற்குள் செருப்பு, எந்த வெயில் களிம்பு வழியில் கசியும், எதை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டவேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் அடுக்கிய பைகள் சர்தேனியாத் தீவு வரை போய் வந்திருக்கின்றன. நான் போனதில்லை. அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டதும் இல்லை. பையின் சிப்பை இழுத்து மூடும்போது மட்டும் கொஞ்சம் பலமாக இழுப்பேன்.

போன கோடையில்தான் எங்கள் வீட்டுக்கும் ஒரு விடுமுறை வந்தது. தொடக்கி வைத்தவள் மூத்த மகள். அவளுக்குப் பதினைந்து வயது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடிய கிழமை, தொலைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். பைன் மரங்கள், அவற்றின் கீழே வரிசையாகக் கூடாரங்கள், அதற்கு அப்பால் கடல்.

"மம்மா, என்ரை கிளாஸிலை எல்லாரும் ஒருக்கா எண்டாலும் கம்பிங் போயிருக்கினம். நாங்கள் மட்டும்தான் இல்லை."

இப்படி ஏதாவது கேட்டால் நான் "பாப்பம்" என்பேன். எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது ஒன்பது வயதுச் சின்னவளுக்கும் தெரியும். அன்றைக்கு நான் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். சின்னவள் கீறிக்கொண்டிருந்த படத்தை அப்படியே விட்டுவிட்டு எழும்பி வந்து, காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் ஓம் என்றது கடலுக்காக இல்லை. கடலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய் வரலாம். என் கண் போய் நின்றது அந்தப் படத்தில் இருந்த ஒரு சின்னக் கூடாரத்தில்தான். என் கணவருக்கு ஃபிஸ்ஸோ வேலை. முதியவர்களின் வீட்டில் இரவும் பகலும் தங்கி நின்று அவர்களைப் பார்க்கிற வேலைக்கு எங்கள் இலங்கை ஆட்கள் இங்கே சொல்லும் பெயர் அது. வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிறு பகலும் அவருக்கு ஓய்வு. மற்ற நேரமெல்லாம் எண்பத்தெட்டு வயதான ஒரு நொன்னோவின், ஒரு தாத்தாவின், அறைக்கு அடுத்த அறையில், கதவைத் திறந்து வைத்தபடி படுப்பார். அந்த வீட்டிலிருந்து போர்கோ வெக்கியோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிடம். சின்னவள் பிறந்த வருடம் தொடங்கிய வேலை இது. அதன் பிறகு நாங்கள் நாலு பேரும் தொடர்ந்து ஒரு கிழமை ஒரே கூரையின் கீழ் படுத்ததே இல்லை. பிள்ளைகளுக்கு அவர் பகல் நேரத்து அப்பா.

எனக்கு ஏழு இரவு வேண்டும். கூரை துணியாக இருந்தாலும் பரவாயில்லை. என் திட்டம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் மூட்டை.

வியாழக்கிழமை அவர் வந்ததும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அவர் சிரித்தார்.

"காசு குடுத்து நிலத்திலை படுக்கிறதோ? சண்டை நேரம் ரெண்டு வருசம் கூடாரத்திலை கிடந்தனாங்கள். அப்ப ஒருத்தரும் காசு கேக்கேல்லையே."

"அப்ப ஒருத்தரும் ஐஸ்கிறீமும் தரேல்லை," என்றேன்.

அவர் தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு மெல்ல, "நொன்னோவை ஆர் பாக்கிறது?" என்று கேட்டார்.

அங்கேதான் எல்லாம் முட்டி நின்றது. விடுப்பு அவருக்கும் உரிமைதான். ஆனால் அவர் இடத்தில் நிற்க ஒருவர் வேண்டும், அந்த ஒருவரை நொன்னோவுக்குப் பிடிக்க வேண்டும். நொன்னோவுக்கு லேசில் யாரையும் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு வருடமும் "வாற வருசம்" என்று தள்ளிப் போட்டுப் போட்டே ஒன்பது வருடம் போய்விட்டது. இந்த முறை நான் விடுவதாக இல்லை. எனக்கு ஒரு குணம், ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாட்டுக்குழுவில் ஒரு மன்னார் அண்ணை இருக்கிறார். குளிர்காலம் முழுக்க சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டங்களில் பழம் பிடுங்குவார். கோடையில் வேலை குறைவு. பொறுமையானவர், சமைக்கவும் தெரியும், ஆளைத் தூக்கி இருத்துகிற பலமும் இருக்கிறது. நான் கேட்டதும் ஒப்புக்கொண்டார். முதல் வியாழக்கிழமை பழகிப் பார்க்க அவரை நொன்னோவின் வீட்டுக்கு அனுப்பினோம். ஒரு மணித்தியாலத்துக்குள், அங்கே கூட நின்ற என் கணவர் தொலைபேசியில் அழைத்தார்.

"எல்லாம் பிழைச்சுப் போச்சு. அண்ணை வெண்டிட்டார்."

நொன்னோ ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்குச் சீட்டு விளையாடுவார். ஒன்பது வருடமாக என் கணவர், ஓய்வு நாள் தவிர, ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருக்கிறார். அது வேலை ஒப்பந்தத்தில் எழுதாத வேலை. மன்னார் அண்ணைக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவர் நாலு ஆட்டத்தையும் வென்று, கடைசியில் கையும் தட்டியிருக்கிறார். நொன்னோ சீட்டுக்கட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, இந்தக் கொள்ளைக்காரன் இனி வாசற்படி மிதிக்கக் கூடாது என்று கத்தினாராம்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த அண்ணையைக் கோயில் வாசலிலேயே மறித்தேன்.

"அண்ணை, உங்களுக்குத் தோக்கத் தெரியாதோ?"

"பிள்ளை, நான் பொய் விளையாட்டு விளையாடுறேல்லை," என்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"பொய் இல்லை அண்ணை, அது மருந்து. நாலு மணிக்கு ஒரு குளிசை, அஞ்சு மணிக்கு ஒரு தோல்வி. குளிசையைக் குடுக்கிற நீங்கள் மற்றதைக் குடுக்கேலாதோ?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வியாழன் மன்னிப்புக் கேட்கிற சாட்டில் போய், மூன்று ஆட்டம் தொடர்ச்சியாகத் தோற்றார். வெறுமனே தோற்கவில்லை, தலையில் கை வைத்து, பெருமூச்சு விட்டு, பார்த்தவர் மனம் இரங்கும்படி தோற்றார். கடைசியில் நொன்னோவே அவர் முதுகில் தட்டி, கவலைப்படாதே, பழகப் பழக வரும் என்று தேற்றியிருக்கிறார். அன்றைக்கே நொன்னோவின் மகள் விடுப்புக்குச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: அவசரம் என்றால் என் கணவர் ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பி வரக்கூடிய தூரத்தில் நிற்க வேண்டும்.

அதனால் சர்தேனியா போச்சு, தீவுகள் போச்சு, மூத்தவள் காட்டிய பைன் மரங்களும் போச்சு. மிஞ்சியது ஸ்ஃபெர்ராகவால்லோ.

"மம்மா! அது பலேர்மோதானே! பஸ்ஸிலை போற இடம்! விடுமுறைக்கு ஆரும் பஸ்ஸிலை போவினமே?" மூத்தவள் அழாத குறை.

"கடல் இருக்கோ?"

"இருக்கு."

"கூடாரம் அடிக்க இடம் இருக்கோ?"

"இருக்கு, ஆனா..."

"அப்ப அது விடுமுறைதான். பெரிய இடத்துப் பிள்ளை மாதிரிக் கதையாதை."

இரண்டு நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் அவளே அந்த இடத்தின் படங்களைத் தேடி எடுத்து, கடலுக்குக் கிட்ட எந்த மரத்தடி நல்லது என்று ஆராயத் தொடங்கிவிட்டாள். அன்றே இடத்தையும் பதிவு செய்தோம். நான் சமையலறைச் சிங்கில் சாளை மீன் துப்புரவாக்கிக்கொண்டு நின்றேன். அவள் மேசையில் இருந்து படிவத்தை நிரப்பினாள். எந்தத் திகதி, எவ்வளவு பெரிய கூடாரம், எத்தனை பேர், யார் யார் என்று அவள் கேட்கக் கேட்க, நான் திரும்பியும் பாராமல் பதில் சொல்லிக்கொண்டே போனேன். "அனுப்பிட்டன்!" என்று அவள் கத்தியபோது சின்னவள் கதிரையில் ஏறி நின்று ஆடினாள். நானும் மீன் கையோடு ஆடினேன்.

அந்த ஜூலை மாதம் மாதிரி ஒரு மாதம் எங்கள் வீட்டில் முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பட்டியல் தொங்கியது. முதலில் ஒரு தாள், பிறகு மூன்று தாள். சின்யோராக்களுக்கு எழுதுகிற அதே ஒழுங்கில் எழுதினேன்: படுக்கை, குளியல், சமையல், மருந்து. சமையல் பகுதி மட்டும் சின்யோராக்கள் கனவிலும் காணாதது. ஒரு காஸ் அடுப்பு, ஒரு சட்டி, வறுத்த மிளகாய்த்தூள், பழப்புளி, கறிவேப்பிலை. ஸ்ஃபெர்ராகவால்லோ முழுக்க மீன் சாப்பாட்டுக் கடைதான். ஆனால் காலையில் படகு வந்ததும் மீனை வாங்கி, கடற்கரைக்குப் பக்கத்திலேயே புளி விட்டுக் குழம்பு வைக்கவேண்டும் என்பது என் ஆசை. பக்கத்துக் கூடாரக்காரர் மூக்கைப் பிடித்தால் பிடிக்கட்டும், இல்லாவிட்டால் தட்டைக் கொண்டு வரட்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

சின்னவளின் கவலைகள் வேறு. கூடாரத்துக்குப் பூட்டு உண்டா? நண்டு உள்ளே வருமா? அப்பா குறட்டை விடுவாரா? கடைசிக் கேள்விக்கு மூத்தவளுக்கும் பதில் தெரியவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். "முந்தி விடுறவர். இப்ப தெரியாது," என்றேன்.

ஒரு வியாழக்கிழமை அவர் போர்கோ வெக்கியோ சந்தைக்குள்ளால் வரும்போது ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் எனாமல் கோப்பைகள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். கம்பிங் என்றால் இப்படிக் கோப்பையில்தான் குடிக்க வேண்டுமாம், நொன்னோவின் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தாராம்.

"நீலம் என்ரை. ஒருத்தரும் தொடப்படாது," என்றார்.

"வீட்டிலை கோப்பை இல்லையெண்டோ இதை வாங்கினனீங்கள்?" என்று எரிந்து விழுந்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்பது வருடத்தில் அவர் தனக்கென்று இந்த வீட்டில் ஒரு பொருள் ஒதுக்கிக் கேட்டது அதுதான் முதல் தரம். அவர் போன பிறகு கோப்பைகளைக் கழுவித் துடைத்து வைத்தேன்.

கூடாரத்தை ஒரு பெரிய விளையாட்டு உபகரணக் கடையில் நானும் பிள்ளைகளும் போய் வாங்கினோம். புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு, ஒத்திகை பார்ப்பதற்காக அதை மொட்டைமாடிக்குக் கொண்டு ஏறினோம். பின்னேரம் நாலு மணி. தண்ணீர்த் தாங்கிகளின் நிழல் விழுந்த பக்கத்தில் இடம் பிடித்தோம். மூத்தவள் தொலைபேசியில் செய்முறை விளக்கத்தைத் தேடினாள். அவள் தேடி முடிப்பதற்குள் என் கணவர் தடிகளைக் கொழுவி, துணியை இழுத்து, கூடாரத்தை நிமிர்த்திவிட்டார்.

"பப்பா, எப்பிடி?" என்றாள் வாயைப் பிளந்து.

"பழக்கம்," என்றார் அவர்.

ஆரஞ்சு நிறக் கூடாரம். சின்னவள் உள்ளே பாய்ந்து உருண்டாள். மூத்தவளும் பெரிய மனுஷித்தனத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடற்கரையில் நிற்கிற மாதிரியே செய்வோம் என்று, பட்டியல்படி அடுக்கியிருந்த சமையல் பையைத் திறந்து, கோப்பைகளை எடுத்து வரிசையாக வைத்து, பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றினேன். சிவப்பு. பச்சை. மஞ்சள்.

"எனக்குத் தேத்தண்ணி இல்லையோ?" என்று அவர் பகிடியாகக் கேட்டார்.

நான் பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். நீலக் கோப்பை இல்லை. தட்டு மூன்று. கரண்டி மூன்று. கூடாரம் வந்த உறையை எடுத்துப் பார்த்தேன். மூன்று பேர் படுத்திருக்கும் படம் போட்டு, பக்கத்தில் மூன்று என்று பெரிதாக அச்சடித்திருந்தது. கடைக்காரன் எத்தனை பேருக்கு என்று கேட்டான்தான். நான் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னதும் ஞாபகம் வந்தது.

"பிள்ளை, அந்தப் பதிவை எடு," என்றேன்.

மூத்தவள் தொலைபேசியைத் தட்டிப் பார்த்தாள். அவள் முகமே சொல்லிவிட்டது. பெரியவர் ஒருவர், பிள்ளைகள் இருவர். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதியது. அவளுக்கும் அப்போது வித்தியாசமாகப் படவில்லை. ஒன்பது வருடமாக நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டுத்தான் வைக்கிறோம்.

யாருக்காக இந்த ஏழு இரவைக் கேட்டேனோ, யாருக்காகக் கோயில் வாசலில் ஆளை மறித்துத் தோற்கச் சொன்னேனோ, அந்த ஆளையே எண்ண மறந்திருந்தேன். எனக்கு வெட்கம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"நீங்கள் இரவிலை ஒருநாளெண்டாலும் இஞ்சை நிண்டால்தானே எண்ணுறதுக்கு!" என்று கத்திவிட்டேன்.

பக்கத்துக் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணும் திரும்பிப் பார்த்தாள். அவர் கோபிக்கவில்லை.

"அது சரிதானே," என்றார். பிறகு கூடாரத்தைப் பார்த்து, "பரவாயில்லை. நான் வாசல் பக்கம் குறுக்கை படுக்கிறன். எனக்குப் பழக்கம்தானே," என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நான் மூன்று கோப்பைக்கு முன்னால் குந்தியிருந்து அழத் தொடங்கிவிட்டேன்.

மூத்தவள் கூடாரத்துக்குள் இருந்து வெளியே வந்து, கம்பிங்காரருக்கு அழைத்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள். நாங்கள் மூன்று பேர் இல்லை, நாலு பேர் என்று இத்தாலியனில் சொன்னாள். மறுமுனையில் ஒரு பெண் சாவகாசமாகக் கேட்டார்: நாலாவது ஆள் பகல் விருந்தாளியா? பகல் விருந்தாளி என்றால் சாயந்தரம் ஏழு மணிக்குள் வெளியே போய்விட வேண்டும்.

"இல்லை, சின்யோரா," என்றாள் என் மகள். சந்தையில் விலை கூவுகிறவர்களின் அதே பலேர்மோ ராகம் அவள் இத்தாலியனில் ஏறியிருந்தது. "அவர் விருந்தாளி இல்லை. என்னுடைய அப்பா. இரவிலும் நிற்பார். ஏழு இரவும் நிற்பார்."

சரி, நாலு என்று மாற்றிவிட்டேன், என்றார் அந்தப் பெண். அவருக்கு அது அரை நிமிட வேலை. என் கணவர் குனிந்து, ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்த ஒரு கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார். அதற்கு வெகுநேரம் எடுத்தது.

"இப்ப எண்டாலும் என்ரை கோப்பையைத் தாரும்," என்றார், நிமிர்ந்து பார்க்காமலே.

நான் படியிறங்கி ஓடினேன். சமையலறையில் தேட வேண்டியிருக்கவில்லை. கழுவித் துடைத்த அன்றைக்கே மூன்று கோப்பைகளைப் பைக்குள் போட்டுவிட்டு, மிஞ்சியதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கிற கோப்பைகளோடு. அதை எடுத்துக்கொண்டு திரும்பப் படியேறினேன். ஊற்றிக் கொடுத்தேன். "சீனி காணாது," என்றார். ஒன்பது வருடத்தில் அவர் சீனி கூட்டிக்கொண்டது எனக்குத் தெரியாது, வியாழக்கிழமைகளில் கொடுத்ததைக் கொடுத்தபடி குடித்துவிட்டுப் போகிறவர்.

கூடாரத்தை மாற்றலாமா என்று கேட்டேன். சின்னவள் விடவில்லை. எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுப் படுக்க வைத்து அளந்தாள். நாலு பேரும் ஒருக்களித்துப் படுத்தால் கொள்ளும். ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும். "மூண்டு பேர் எண்டது இத்தாலியன் அளவு," என்று அவர் சொல்ல, நாங்கள் நாலு பேரும் குலுங்கிச் சிரித்ததில் ஒரு தடி கழன்று விழுந்தது. ஐந்தரைக்கு அவர் நொன்னோவின் இராச்சாப்பாட்டுக்காகப் புறப்பட்டார். படியில் பாதி இறங்கியவர் நின்று திரும்பி, "சனிக்கிழமை நாலு பேர், மறந்துபோகாதையும்," என்றார். கையில் கிடைத்த துவாயைச் சுருட்டி அவர் மேல் எறிந்தேன்.

அன்றைக்குப் பட்டியல் முழுக்க மூன்றை வெட்டி நான்கு எழுதினேன். அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும் வழியில், சனிக்கிழமைக்குப் பஸ் ரிக்கற் வாங்க, இங்கே அதை விற்கிற மூலைப் புகையிலைக் கடைக்குள் நுழைந்தேன். எனக்கு முன்னால் ஆறேழு பேர். என் முறை வந்ததும், "நாலு!" என்று கத்தினேன்.

கடைக்காரர் கையை உயர்த்தினார். "கேட்டது, சின்யோரா, கேட்டது. எனக்குக் காது நல்லாயிருக்கு," என்றார்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் நாலு ரிக்கற்றையும் கிழித்து வைத்தார். நான் அந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தேன், கடைசியைத் தனியாக இன்னொரு தரம்.